பக்கத்து வீட்டு அம்மாளும் பாப் மார்லியும்

2024-ம் வருஷம் மே மாத விடுமுறையில் நான் சீமைக்குப் போயிருந்தேன். போய் வந்தவர்கள் அரண்மனையைப் பற்றியும் தேம்ஸ் நதியைப் பற்றியும் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. ஆகையால் நேயர்கள் பயப்பட வேண்டாம். அவற்றைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. பர்மிங்ஹாம் நகரத்து ஸர்வகலாசாலை ஒன்றின் மண்டபத்தில் பார்த்த ஒரு படத்தைப் பற்றியும், அதைப் பார்ப்பதற்கு என்னுடன் வந்த எண்பத்தொரு வயது அம்மாள் ஒருத்தியைப் பற்றியும்தான் சொல்லப் போகிறேன்.

என் அக்காள் அந்நகரில் ஹாண்ட்ஸ்வொர்த் என்னும் பகுதியில் குடியிருக்கிறாள். அங்கே வீடுகள் எல்லாம் செங்கல்லால் கட்டிய ஒட்டு வீடுகள். நம்முடைய கூடத்துக்கும் அடுத்த வீட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "தீர்க்காயுசு" சொல்லலாம். நான் போய்ச் சேர்ந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் சற்றுக் கண்ணயர்ந்தபோது சுவருக்குள்ளிருந்து "தும்... தும்..." என்று ஓர் ஓசை எழுந்தது. பாட்டாகக் கேட்கவில்லை, யாரோ சுவரின் மார்பிலே காதை வைத்து நாடி பார்ப்பது போல் இருந்தது.

"ஆரம்பித்துவிட்டாளா, அந்த ஜமெய்க்காக்காரி?" என்றாள் அக்காள். "பதினாறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் இதே கூத்துதான்."

நான் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். அது ஒன்றும் தொந்தரவாக இல்லை. ஆனால் அக்காளிடம் அதைச் சொல்லவில்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் வாயை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அக்காளின் மகள் அந்த ஸர்வகலாசாலையில் வாசிக்கிறாள். ஒரு நாள் மாலை அவள் என்னிடம் மெதுவாக வந்தாள். "சித்தி! வியாழக்கிழமை எங்கள் கலாசாலையில் ஒரு படம் காட்டுகிறார்கள். ஊர் ஜனங்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை. பாப் மார்லி இறந்த தினத்தை ஒட்டி நடத்துகிறார்கள். நீங்கள் வருகிறீர்களா? அடுத்த வீட்டு அம்மாளும் வருகிறாள்" என்றாள்.

"கஞ்சாக்காரன் படமா?" என்று சமையலறையிலிருந்து அக்காளின் குரல் வந்தது. அதோடு, "அவளோடு ஒரே பஸ்ஸிலா?" என்றும் கேட்டாள்.

நான் போவதாகச் சொல்லிவிட்டேன். பாப் மார்லியிடத்தில் எனக்குப் பக்தி இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊரில் பையன்கள் போட்டுக்கொள்ளும் பனியன்களில், சடைமுடியும் சிரிப்புமாக அவருடைய முகத்தைப் பார்த்திருந்தேன். ஒரு தடவை வகுப்பில் அப்படிப்பட்ட பனியனோடு வந்த மாணவனை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்த மகான் யார் அப்பா?" என்று பரிகாசமாகக் கேட்டதும் உண்டு. அவன் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கும்தான் என்ன தெரிந்திருக்கும்?

வியாழக்கிழமை பஸ்ஸுக்குப் போகும் வழியில் பெண் எனக்கு ஒரு விஷயம் சொன்னாள். அந்த அம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அக்காள் குடும்பம் 2008-ல் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், அந்த அம்மாள் நீலக்கரை போட்ட எனாமல் தட்டு ஒன்றில் ஏதோ சமைத்து, துணியால் மூடி எடுத்துக்கொண்டு வந்தாளாம். அக்காள் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தியதும் நேரே கொல்லைப் பக்கம் போய் அதைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டாள். பக்கத்துக் கொல்லையில் அந்த அம்மாள் துணி உலர்த்திக்கொண்டு நின்றாள். வேலி இடுப்பளவுதான்.

"எனக்கு அப்போது ஐந்து வயது, சித்தி. அம்மா கொட்டினதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். தட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரிக்குள்தான் இருக்கிறது. எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது என்று அம்மா கொடுக்கவே இல்லை."

நாங்கள் ஆட்டுக்கறி சாப்பிடாத குடும்பம் அல்ல. ஆசாரம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. கை கறுப்பாயிருந்ததுதான் காரணம். இதைக் கேட்டு எனக்கு அக்காள்மேல் கோபம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்று தோன்றியது. அதுதான் என்னைத் துன்புறுத்திற்று.

மண்டபத்தில் முன் வரிசைகள் எல்லாம் மாணவர்கள். நடுவே சுமார் நாற்பது பேர் ஜமெய்க்காவிலிருந்து வந்து குடியேறிய முதியவர்கள். புருஷர்கள் தொப்பியும் கோட்டுமாகவும், ஸ்திரீகள் கோயிலுக்குப் போகும் உடுப்புமாகவும் வந்திருந்தார்கள். ஓர் இளம் ஆசிரியர் முன்னுரை சொன்னார். எந்த தேசமானாலும் முன்னுரை சொல்கிறவர்கள் ஒரே ஜாதிதான் போலிருக்கிறது, கடிகாரத்தைப் பார்ப்பதேயில்லை. கடைசியில் ஒரு கிழவர், "தம்பி, பாப் பேசட்டும்!" என்று உரக்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். விளக்கு அணைந்தது.

படத்தின் பெயரே "மார்லி"தான். 2012-ல் வெளிவந்தது. கெவின் மக்டானல்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எடுத்தார். இரண்டரை மணிக்குச் சற்றுக் குறைய ஓடுகிறது. கற்பனைக் கதை கிடையாது; அவருடன் வாழ்ந்தவர்களும் வாசித்தவர்களும் சண்டையிட்டவர்களும் ஒவ்வொருவராக வந்து சொல்கிறார்கள். முதற் காட்சி ஜமெய்க்காவில் இல்லை. ஆப்பிரிக்காவில் கானா தேசத்துக் கடற்கரைக் கோட்டை ஒன்றில், அடிமைகளைக் கப்பலேற்றிய வாசலிலே தொடங்குகிறது. அந்த வாசல் திரையில் தோன்றியதும் சலசலத்துக்கொண்டிருந்த முதியவர்கள் அத்தனை பேரும் ஓய்ந்துவிட்டார்கள். இருபது வருஷமாக அடிமை வியாபாரத்தைக் கரும்பலகையில் இரண்டு வரியாக எழுதிப் போட்டு, "பரீட்சைக்கு வரும், குறித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னவள் நான். அந்த இருட்டிலே என் கை சாக்குக் கட்டியைத் தேடியது போல் இருந்தது.

பிறகு ஜமெய்க்காவின் மலைப்பிரதேசம். ஸெயின்ட் ஆன் ஜில்லாவில் நைன் மைல் என்னும் குக்கிராமம். 1945 பிப்ரவரி 6-ந் தேதி அங்கே பிறந்த குழந்தைக்குத் தாய் பதினெட்டு வயதுக் கறுப்புப் பெண். தகப்பன் வயது முதிர்ந்த வெள்ளைக்காரன். அவன் மனைவியையும் குழந்தையையும் விட்டு அகன்றான். கறுப்புச் சிறுவர்களுக்கு அந்தப் பையன் வெள்ளையன்; வெள்ளையருக்கோ அவன் கறுப்பன். படத்தில் ஓர் இடம் வருகிறது. தகப்பன் வழி உறவினர் இருவரை உட்காரவைத்து மார்லியின் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறார்கள். வேண்டாமென்று ஒதுக்கிய கல்லே கட்டடத்துக்கு மூலைக்கல்லானதைப் பற்றிய பாட்டு அது. தங்களைப் பற்றித்தான் என்று தெரிந்து அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! அப்போது எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், "ம்ம்ம்" என்று ஒரே ஒரு தடவை முனகினாள். எனக்கு நீலக்கரைத் தட்டு ஞாபகம் வந்துவிட்டது. மேலே சிறிது நேரம் படத்தில் என்ன நடந்தது என்றே தெரியாது.

ஆங்கிலத்தில் எம்.ஏ. வரை வாசித்தவள் என்ற கர்வமும் அன்று போயிற்று. பன்னி வெயிலர் முதலியவர்கள் பேசிய ஜமெய்க்கா ஆங்கிலம் பாதிக்கு மேல் விளங்கவில்லை. அந்த அம்மாள் என் காதோரம் குனிந்து, சிறுபிள்ளைக்குச் சொல்வது போல் எளிய ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். "டீச்சர்" என்றே என்னைக் கூப்பிட்டாள்.

ரெகே சங்கீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம்முடைய தாளத்தில் பழகிய காதுக்கு அது முதலில் தடுக்கி விழுவது போல் இருக்கும். நாலு அடி கொண்ட ஓர் ஆவர்த்தத்தில் முதல் அடியை வெறுமனே விட்டுவிட்டு, மூன்றாம் அடியில் பெரிய முரசைப் போடுவது அவர்களுடைய பேர்பெற்ற நடைகளில் ஒன்று. கிதார் இரண்டாம் அடியிலும் நாலாம் அடியிலும் வெட்டி வெட்டிப் பேசும். பாட்டை நடத்திச் செல்வது அடித்தந்தியின் கனத்த நாதம். நாம் சமத்தில் தொடையைத் தட்டக் கை ஓங்கினால் அங்கே ஒன்றும் இராது. ஓங்கிய கை அந்தரத்தில் நிற்கும். இரண்டு பாட்டுக்குப் பிறகு அந்த வெற்றிடத்திலேதான் சுகம் இருக்கிறது என்று தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவருக்குள் கேட்ட "தும்" எது என்றும் அப்போதுதான் விளங்கிற்று.

மார்லியின் தாயார் 1963-ல் பிழைப்புக்காக அமெரிக்கா சென்றாள். மகனைக் கிங்ஸ்டன் நகரத்தின் டிரெஞ்ச் டவுன் சேரியிலே விட்டுச் சென்றாள். அப்போது அவனுக்குப் பதினெட்டு. திரையில் இதைச் சொல்லும்போது மண்டபத்தில் ஸ்திரீகள் பலர் கைப்பையைத் திறந்து மூடினார்கள். பிற்பாடு எங்கள் அம்மாள் சொன்னாள்: அவளும் 1962-ல் கைக்குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு இங்கே வந்து ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள்தான். மகனை வரவழைத்தபோது அவனுக்கு வயது பதினொன்று. விமான நிலையத்தில் அவளை "அம்மணி" என்று மரியாதையாகக் கூப்பிட்டானாம்.

படம் மார்லியைத் தெய்வமாக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. ஏழு பெண்களிடம் பதினொரு பிள்ளைகள் என்பதை மறைக்கவில்லை. தகப்பனாருக்காகக் காத்திருந்த நாட்களைப் பற்றி மகள் ஸெடெல்லா பேசும்போது குரலில் கசப்பு இருக்கிறது. சகிக்கத்தான் வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நமக்கும் சொல்லத் தோன்றுவதில்லை.

ஆனால் தைரியம் இருந்தது. 1976 டிசம்பர் 3-ந் தேதி துப்பாக்கிக்காரர்கள் அவருடைய வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். அவருக்கு மார்பிலும் கையிலும் காயம்; மனைவி ரீட்டாவுக்குத் தலையில் குண்டு. இரண்டே நாள் கழித்து, 5-ந் தேதி இரவு, கட்டுப்போட்ட கையோடு கிங்ஸ்டன் மைதானத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன் நின்று பாடினார். 1978 ஏப்ரல் 22-ந் தேதி நடந்த சமாதானக் கச்சேரியில், பிரதம மந்திரி மைக்கேல் மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்டு ஸியாகாவையும் மேடைக்கு அழைத்து, இருவர் கையையும் பிடித்துத் தம் தலைக்கு மேல் சேர்த்துத் தூக்கிக் காட்டினார். முன் வரிசை மாணவர்கள் கைதட்டினார்கள். நடுவிலிருந்த முதியவர்கள் தட்டவில்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே சுதந்திரம் அடைந்த இரவு. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட ஒரு தேசம் தன் கொடியை ஏற்றுகிற காட்சி எங்கே நடந்தாலும் நமக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த விழாவுக்கு நம் இந்திரா காந்தியும் சென்றிருந்தார். உள்ளே விடப்படாத ஜனங்கள் வெளியே நெருக்க, போலீஸார் வீசிய கண்ணீர்ப்புகை மைதானத்துக்குள்ளேயே பரவிற்று. மேடை கலைந்தது. புகை அடங்கியபின் மார்லி மறுபடி பாடினார். அப்போது அவருக்கு ஆயுள் இன்னும் ஒரு வருஷம்தான். 1977-லேயே கால் விரலில் புற்றுநோய் கண்டிருந்தது. விரலை எடுத்துவிடச் சம்மதிக்கவில்லை. 1980 செப்டம்பர் 23-ந் தேதி அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் கடைசிக் கச்சேரி. பிறகு ஜெர்மனியில் பனி மூடிய பவேரியாவில், சடைமுடி போய், மெலிந்து, குல்லாயோடு உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குத் திரும்பும் வழியில் 1981 மே 11-ந் தேதி மியாமியில் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தாறு.

விளக்குகள் எரிந்ததும் சம்பாஷணை நடந்தது. முதலில் ஒரு மாணவன் எழுந்து, சமாதானக் கச்சேரியைப் பற்றி உற்சாகமாகப் பேசி, சங்கீதம் உலகத்தை மாற்றும் என்றான். முன்பு, "பாப் பேசட்டும்" என்று சொன்ன அந்தக் கிழவர் மெல்ல எழுந்தார். "தம்பி, அந்தக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தவர்களில் ஒருவன் கிளாடி மாஸப். மறு வருஷமே போலீஸார் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். 1980-ல் தேர்தல் நடந்த வருஷம் ஜமெய்க்காவில் சுமார் 800 பேர் கொலையுண்டார்கள். அதில் ஒருவன் என் தம்பி. பாட்டு நல்ல பாட்டு. நான் இன்றைக்கும் கேட்கிறேன்" என்றார். உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு கஞ்சாவைப் பற்றி ஒருவன் கேட்டான். ராஸ்டபாரி மதத்தாருக்கு அது பூஜைப் பொருள் என்று ஆசிரியர் விளக்கிவிட்டு, "அந்தச் சொல்லே இந்தியாவிலிருந்து கூலியாட்களுடன் கப்பலில் வந்தது" என்றார். மண்டபத்தில் பலர் என் புடவையைத் திரும்பிப் பார்த்தார்கள். கூசிப்போனேன்.

வெளியே வந்தபோது மணி ஒன்பதரைக்கு மேல். ஆனால் வானத்தில் இன்னும் சற்று வெளிச்சம் மிச்சமிருந்தது. பஸ்ஸுக்காகப் பலகையில் உட்கார்ந்தோம். அந்த அம்மாள், 1975 ஜூலையில் இதே ஊர் ஓடியன் கொட்டகையில் மார்லி பாடியதைக் கேட்கச் சீட்டு வாங்கியும், இரவு வேலை வந்துவிட்டதால் போக முடியாமற் போனதைச் சொன்னாள். பிறகு திடீரென்று, "டீச்சர், என் பாட்டி ஒரு கூலி" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கூலியென்றால் இந்தியப் பெண். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். நல்ல வார்த்தை அல்ல. ஆனால் எங்களுக்கு வேறு வார்த்தை தெரியாது."

கிளாரெண்டன் ஜில்லாவில் கரும்புத் தோட்டத்துக்குத் தாய் தகப்பனோடு குழந்தையாக வந்தவளாம் அந்தப் பாட்டி. 1838-ல் அடிமைகள் விடுதலை பெற்ற பிறகு தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. 1845-ல் முதல் கப்பல் இந்தியர்களை ஏற்றிக்கொண்டு ஜமெய்க்கா போய்ச் சேர்ந்தது. முதல் உலக யுத்தம் வரையில் சுமார் 36,000 பேர் இப்படி ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். பெரும்பாலோர் வடநாட்டார், சென்னையில் கப்பலேறியவர்களும் உண்டு. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய நம் பெண்களை நினைத்துப் பாரதியார் பாடினாரே, அதே வழக்கத்தின் மற்றொரு கிளைதான் இது. எல்லாம் நான் புத்தகத்தில் வாசித்ததுதான். புத்தகத்தில் வாசித்தது பக்கத்தில் உட்கார்ந்து கைத்தடியைத் தடவிக்கொண்டிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"கூலி என்பது எங்கள் பாஷையில் வசவு அல்ல, அம்மா. வேலை செய்தவனுக்குக் கொடுக்கிற சம்பளம்" என்றேன். அந்தச் சொல் தமிழிலிருந்துதான் போனதா, குஜராத்திலிருந்து போனதா என்று பண்டிதர்களிடையே வழக்கு இருக்கிறது. அந்தப் பலகையில் வைத்துத் தீர்க்க வேண்டிய வழக்காக எனக்குத் தோன்றவில்லை.

"சம்பளமா!" என்று அவள் சிரித்தாள். "பாட்டிக்கு அது மட்டும்தான் கிடைக்கவில்லை."

பாட்டி பேசிய சொல் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று ஆவலோடு கேட்டேன். தமிழாக இருக்கக்கூடாதா என்ற சபலம்தான். அவள் வெகுநேரம் யோசித்தாள். "பானி" என்றாள். "பானி கொண்டு வா என்பாள்."

அது ஹிந்தி. எனக்குச் சற்று ஏமாற்றம். பிறகு அந்த ஏமாற்றத்தை நினைத்து வெட்கம்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு அவள் என் பக்கம் திரும்பாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆட்டுக்கறிக் குழம்பு நன்றாக வைப்பாள். மஞ்சள், கொத்துமல்லி, சீரகம் எல்லாம் போட்டு. எங்கள் ஊரில் கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் இப்போது அதுதான். அவள் வைத்தபடியே நானும் வைப்பேன். இந்தியர்கள் குடிவந்தால் அதைத்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்."

பெண் என் கையை அழுத்தினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன் நடந்ததை அவள் குறிப்பிட்டாளா, அல்லது பொதுவாகத்தான் சொன்னாளா? முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

அன்றிரவு அக்காளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் வரையில் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்தாள். துலக்கியதையே மறுபடி துலக்கினாள். "கஞ்சாக்காரன்" என்ற பேச்சு மறுபடி வரவில்லை. கடைசியில், "அவள் பார்த்தாள் என்று எனக்கும் தெரியும்" என்றாள். படுக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் நான் எழுந்தபோது வீடு முழுதும் மசாலா வாசனை. அக்காள் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். அம்மா வைக்கிற மாதிரி, தேங்காய் அரைத்துவிட்டு. அலமாரியின் அடியிலிருந்து நீலக்கரைத் தட்டை எடுத்து இரண்டு முறை கழுவித் துடைத்து, சோறும் குழம்புமாக வைத்துத் துணியால் மூடினாள். "நீயும் வா" என்று என்னைக் கூப்பிட்டாள். வயதில் மூத்தவள், தனியாகப் போகப் பயந்து தங்கையைத் துணைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மாள் கதவைத் திறந்தாள். அக்காள் தட்டை நீட்டினாள். சொல்ல வேண்டுமென்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியம் வெளியே வரவில்லை. அவள் துணியைத் தூக்கிக் குழம்பைப் பார்க்கவில்லை. தட்டின் கரையைத்தான் பார்த்தாள். கட்டை விரலால் அந்த நீலத்தைத் தடவினாள். "தொலைந்துபோயிற்று என்றிருந்தேன்" என்றாள். "வந்தனம்" என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே வரும்படி கூப்பிடவில்லை.

அன்று மாலை அக்காள் கொல்லைப் பக்கம் போகவில்லை. துணிகளெல்லாம் மழைத் தூறலில் நனைந்தன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வழக்கம்போல் சுவருக்குள் "தும்... தும்..." என்று தொடங்கிற்று. அக்காள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "கொட்டியிருப்பாளோ?" என்று கேட்டாள்.